புகைச் சீட்டு

என் வீட்டுக்காரர் இருமினால் சந்துக்கே தெரியும். ராயபுரத்தில் எங்கள் சந்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. பக்கத்து வீட்டில் கடுகு வெடித்தால் எங்கள் வீட்டில் பசி எடுக்கும். காலையில் எழுந்ததும் வாசலில் குனிந்து நின்று இருமுவார், சாக்கடையில் துப்புவார். துப்பியது கறுப்பாக இருக்கும். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் ஒரு சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிட்டு, தான் பீடியைக்கூடத் தொட்டதில்லை, இது வெறும் சளி என்று சொல்வார். பீடியைத் தொட்டதில்லை என்பது உண்மைதான்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று பொங்கலுக்கு முன்பிருந்தே அவரை நச்சரித்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு, அடுத்த வாரம், கிருத்திகை போகட்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டே வந்தவர், மாசி பிறந்தபோது ஒருவழியாக வாக்குக் கொடுத்தார்.

“எஃப்.சி. முட்சிக்கிறேன்மே. வண்டிக்குச் சீட்டு கைக்கு வந்துட்டா, அப்பால நீ எங்க இஸ்துகினு போனாலும் வரேன்.”

வாடகைக்கு ஓடுகிற வண்டியை வருஷத்துக்கு ஒரு முறை அதிகாரி முன்னால் நிறுத்தி, இது ரோட்டில் ஓடலாம் என்று முத்திரை வாங்க வேண்டும். அதுதான் எஃப்.சி. விளக்கு, பிரேக், பெயிண்ட் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அந்த வருஷம் புகையையும் பார்த்தார்கள். அதற்கு முன்பும் புகைக்கு ஒரு சீட்டு வேண்டும் என்பது விதிதான். ஆனால் வண்டியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிற கடைகள் இருந்தன, எல்லோரும் அங்கேதான் வாங்கினார்கள். அந்த வருஷம் வந்த அதிகாரி, வெளிச் சீட்டெல்லாம் செல்லாது என்று வண்டிகளை நிறுத்திப் பார்க்கிற மைதானத்திலேயே ஒரு மிஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. புகை கக்குகிற வண்டியைப் பிடிக்கத்தானே வேண்டும்.

எங்கள் வண்டி ஒரு பழைய பிக்கப். பச்சை நிறம். எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் கையில் அடிபட்டு வந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வண்டிதான் பிள்ளை என்று நாலு பேருக்கு முன்னால் சொல்லிச் சிரிப்பார். எனக்கு எரிச்சலாக வரும். பிள்ளையாக இருந்தால் இந்த வயதுக்குச் சம்பாதித்துப் போட்டிருக்கும், இது நம்மிடம் பிடுங்கித் தின்கிறது என்பேன். ஆனால் உண்மையில் அது சம்பாதித்துத்தான் போட்டது. ஆரம்பத்தில் காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றினார். பிறகு துறைமுகத்துக் கரி யார்டிலிருந்து மூட்டை ஏற்றித் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இருக்கிற சின்னச் சின்னப் பட்டறைகளுக்குக் கொண்டுபோனார். மீன் என்றால் ஒருநாள் வரும், ஒருநாள் வராது. கரி தினமும் வரும்.

கரியைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கம் குடியிருந்தவர்களுக்குத் தெரியும். கடல் காற்று திரும்பினால் கொடியில் காய்கிற துணியில் அது உட்காரும். பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்காமல் போனால் சோற்றில் உட்காரும். யார்டுக்குள் போய் மூட்டை கட்டி ஏற்றுகிறவருக்கு எங்கெல்லாம் உட்காரும் என்று கேட்கவா வேண்டும். வண்டியில் டிரைவர் பக்கத்துக் கண்ணாடி உடைந்து வெகுநாள் ஆகியிருந்தது. வெயிலுக்கு நல்லது என்று அதை மாற்றவேயில்லை. மாலையில் வந்து பனியனைக் கழற்றினால் பனியன் இருந்த இடம் மட்டும் மாநிறமாக இருக்கும்.

வண்டிக்கு மட்டும் பாதுகாப்பு செய்திருந்தார். அவர் மட்டுமல்ல, கரி யார்டுக்குப் போகிற வண்டிக்காரர்கள் எல்லோருமே செய்தார்கள். எஞ்சின் காற்றை இழுக்க ஒரு குழாய் இருக்கும். அதன் வாய் வண்டியின் முகத்துக்குப் பின்னால், ரேடியேட்டருக்குப் பக்கத்தில் திறந்திருக்கும். கரித்தூள் எஞ்சினுக்குள் போகாமல் இருக்க அந்த வாயில் ஒரு துணியைக் கட்டுவார்கள். யார் ஆரம்பித்ததோ தெரியாது. நான் கல்யாணமாகி வியாசர்பாடியிலிருந்து இந்தச் சந்துக்கு வந்தபோது அது ஒரு சடங்காகவே ஆகியிருந்தது. ஆயுத பூஜை அன்று வெள்ளைத் துணியை மஞ்சள் தண்ணீரில் முக்கி, குங்குமம் வைத்து, பானெட்டைத் தூக்கி அந்த வாயில் கட்ட வேண்டும். கட்டிய துணியை அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் வண்டிக்கு ஆகாது. அதனால் அடுத்த வருஷத்துத் துணியைப் பழையதன் மேலேயே கட்டுவார்கள். எங்கள் வண்டியில் அது ஒரு குழந்தையின் தலை அளவுக்குத் திரண்டு, எண்ணெயும் தூசியும் ஏறிக் கறுத்து, காய்ந்த பூச்சரத்தோடு உட்கார்ந்திருந்தது.

முதல் முறை மைதானத்துக்கு அவரோடு நானும் போனேன். போகாவிட்டால் அப்படியே யார்டுக்குப் போய்விடுவார் என்ற சந்தேகம். முடிந்த கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போய்விடலாம் என்று ஒரு பையில் துண்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். புகைக் குழாயில் ஒரு கம்பியைச் சொருகி, ஆக்சிலேட்டரை மிதி என்றார்கள். இவர் மிதித்தார். பின்னால் நின்ற வரிசை முழுக்கக் கறுப்பாகிவிட்டது. மிஷினிலிருந்து ஒரு காகிதம் வந்தது. அதைப் படிக்காமலேயே மிஷின் பக்கத்தில் நின்ற ஆள் கையை ஆட்டி ஓரம் கட்டச் சொன்னான். வண்டியைச் சரிசெய்து திரும்பக் கொண்டுவா என்பதோடு முடிந்தது. திரும்பும் வழியில் நான் பையைத் திறந்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். எங்கள் வண்டிப் புகை என் மூக்கு வரைக்கும் இருந்தது.

கல்மண்டபத்துக்குப் பின் சந்தில் ஒரு மெக்கானிக் இருந்தான். என் வீட்டுக்காரரைவிட இளையவன், எங்களோடு பழகியவன், என்னை அண்ணி என்று கூப்பிடுவான். பானெட்டைத் தூக்கியதும் அந்தத் துணி உருண்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகுதான் வேலையைத் தொடங்கினான். கறுப்புப் புகை வந்தால் ஒன்று காற்று பத்தவில்லை, இல்லையென்றால் டீசல் அதிகம் என்று எனக்கும் புரிகிற மாதிரி சொன்னான். குழாய்க்கு அடுத்து எஞ்சின் பக்கம் இருந்து காற்றை வடிகட்டுகிற ஏர் ஃபில்டரைக் கழற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

“பாரு மாமு, புதுசு மாரி கீது. கரி ஓட்டுற வண்டின்னு சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான். காத்துல ஒண்ணும் இல்ல. டீசலுதான் ஜாஸ்தியா ஊத்துது.”

என் வீட்டுக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வண்டியைக் குறை சொல்லாமல் பாராட்டி ஒரு வார்த்தை கிடைத்ததில் இருமல்கூடக் கொஞ்ச நேரம் நின்றது.

ஆகையால் டீசல் பக்கம் தேட ஆரம்பித்தார்கள். டீசலைத் தூறலாகத் தெளிக்கிற நாசில்களைக் கழற்றி, ஒரு கைப்பம்பில் மாட்டி அடித்துப் பார்த்தான். இரண்டு பனி மாதிரி தெளித்தன. இரண்டு மூக்கு ஒழுகுவதுபோல ஒழுகின. அந்த இரண்டையும் மாற்றினான். புகை ஒரு பிடி குறைந்த மாதிரி இருந்தது, அல்லது குறைந்துவிட்டது என்று நாங்கள் மூன்று பேரும் ஆசைப்பட்டோம். இரண்டாவது முறை மைதானத்துக்குப் போனோம். நான் அதே பையை எடுத்துக்கொண்டேன். மறுபடியும் அதே கம்பி, அதே மிதி, அதே கையாட்டல்.

இதற்குள் பழைய எஃப்.சி. தேதி முடிந்துவிட்டது. இனி வண்டியை ரோட்டில் எடுத்தால் பிடித்துக்கொள்வார்கள். மெக்கானிக் அடுத்ததாக டீசல் பம்ப்பைக் கழற்றி டோல்கேட் பக்கம் ஒரு பம்ப் கடைக்கு அனுப்பினான். அங்கே எங்களுக்கு முன்னால் பெரிய லாரிகளின் பம்ப்புகள் வரிசையாகக் காத்திருந்தன. பம்ப் இல்லாத வண்டி எங்கள் வீட்டு வாசலில் கல்லாக நின்றது. அதன்மேல் கோழி ஏறிப் படுத்தது.

வண்டி நின்றதும் இவர் வீட்டில் இருப்பார், அந்தச் சாக்கில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாம் என்று நினைத்தேன். நல்ல நினைப்பு. வண்டி நின்ற இரண்டாம் நாளே கரி யார்டில் கூலிக்கு மண்வெட்டி பிடிக்கப் போய்விட்டார். முன்பாவது மூட்டையை ஏற்றிக்கொண்டு வெளியே வந்துவிடுவார். இப்போது காலையிலிருந்து மாலைவரை குவியலுக்கு நடுவிலேயே நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று சோறு வைக்கவில்லை. வண்டிதான் படுத்துக்கிடக்கிறதே, நீயும் கொஞ்சம் படுத்தால் என்ன என்று கத்தினேன். வண்டிக்குச் செலவு ஆகிறது, உட்கார்ந்தால் ஓடுமா என்றார். சீட்டு வந்ததும் வருகிறேன் என்றுதான் சொன்னேன், வராமல் போகிறேனா என்றார். பிறகு அவரே போய்ச் சோறு வைத்தார். அடுப்பின் முன்னால் உட்கார்ந்து ஊதியபோது மூச்சு வாங்கியது. ஊதுவதை நிறுத்தி, விசிறியை எடுத்துக்கொண்டார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பம்ப் திரும்பி வந்தது. மாட்டினார்கள். புகை அப்படியே இருந்தது. டீசலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கும் என்று மெக்கானிக் சந்தேகப்பட்டு டேங்க்கைக் காலிசெய்து, வேறொரு பங்க்கிலிருந்து கேனில் வாங்கிவந்து ஊற்றினான். அதற்கும் அதே கறுப்பு. பாலம் ஏறும்போது வண்டி திணறுவதாக இவர் முன்பே சொல்லிக்கொண்டிருந்தார். வயசாகிவிட்டது என்று அவரே அதற்குக் காரணமும் சொல்லிக்கொள்வார். கடைசியில் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, எஞ்சினைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும் என்றான். பிரித்தால் பழைய வண்டி திரும்பச் சேருமா என்று அவனுக்கும் தெரியவில்லை. அதற்கு முன்னால் கடைசியாக ஒரு முறை மைதானத்தில் நிறுத்திப் பார்ப்போம், அதிகாரி மனசு இறங்கினாலும் இறங்குவார் என்று முடிவானது. என் வீட்டுக்காரர் வண்டியின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எஞ்சின் பிரித்தால் ஆஸ்பத்திரி ஆடி மாசத்துக்குப் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. அந்த மனுஷன் ஆடி வரைக்கும் இப்படியே இருமிக்கொண்டிருப்பாரா என்பது தெரியவில்லை. பயமாக இருந்தது.

பயம் வந்தால் எனக்கு எதையாவது கழுவ வேண்டும். மைதானத்துக்குப் போக இருந்த அன்று காலையில் வாளியும் சோப்புத் தூளுமாக வண்டியைக் கழுவ இறங்கினேன். அதிகாரி கண்ணுக்காவது பளிச்சென்று இருக்கட்டும். பானெட்டைத் தூக்கித் துடைத்துக்கொண்டே வந்தவளுக்கு அந்தத் துணி உருண்டை கண்ணில் பட்டது. அதிகாரி பானெட்டைத் திறந்தால் முதலில் இதைத்தான் பார்ப்பான், இவ்வளவு அழுக்கை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு நிற்பது என்று தோன்றியது. எனக்கு வேறு எந்த யோசனையும் இல்லை. சத்தியமாக அது அழுக்காக இருந்தது, அவ்வளவுதான். முடிச்சு அவிழவில்லை. உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்து அறுத்தேன். அவர் பல் துலக்கிக்கொண்டே வந்து பார்த்துவிட்டார்.

“சாமித் துணிமே அது. டெஸ்ட்டுக்குப் போற நேரத்துல அத்த அறுக்கிறியே, உன்ன இன்னா, பேய் புட்சிக்கிச்சா?”

“சாமிக்குக் கட்னதுன்னா தொவைச்சிக் கட்டணும். இவ்ளோ கலீஜா வச்சிருந்தா எந்தச் சாமி வந்து குந்தும்?”

அவர் வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு மேலே ஏதோ சொல்ல வந்தார். இருமல் வந்துவிட்டது. நான் துணியை வாளியில் போட்டேன். மேல் சுற்று இன்னும் கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. உள்ளே போகப் போகக் கறுத்து விறைத்து, கடைசிச் சுற்று தேய்க்காத தோசைக்கல்லின் அடிப்பக்கம்போல இருந்தது. முதல் தண்ணீர் கறுப்பாகப் போனது. இரண்டாவதும் கறுப்பாகப் போனது. மூன்றாவது வாளிக்குத் தண்ணீர் இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் லாரி சந்து முனையில் ஹாரன் அடித்தது. அந்த வருஷங்களில் குழாயில் காற்றுதான் வரும். லாரி வந்தால்தான் எங்களுக்குத் தண்ணீர். எங்கள் வண்டி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. எடு எடு என்று குடத்தோடு பெண்கள் ஓடி வந்தார்கள். துணி ஊறிக்கொண்டிருக்க, இவர் என்னை முறைத்துக்கொண்டே ஏறி வண்டியைக் கிளப்பி, உறுமவிட்டுப் பின்னால் எடுத்தார். வழக்கமாக அவர் வண்டியைக் கிளப்பினால் பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். எதிர்வீட்டுக்காரி அன்றும் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனாள். பிறகு இறக்கினாள்.

“இன்னாமே, இன்னிக்கி உன் வண்டி புகையே வுடல?”

நான் திரும்பிப் பார்த்தேன். வண்டி சந்தின் கடைசி வரை பின்வாங்கிப் போய் நின்று உறுமிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் சுவரும், சுவரில் காய்ந்த வறட்டியும் தெளிவாகத் தெரிந்தன. குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். இன்னொரு தரம் மிதி, இன்னொரு தரம் மிதி என்று அவரை மிதிக்க வைத்தேன். லேசாக ஒரு சாம்பல் நிறம் வந்து காற்றில் போனது. அவர் இறங்கி வந்து புகைக் குழாயைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

மெக்கானிக்கை வரவழைத்தோம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் அந்தக் குழாயின் வாயை உள்ளங்கையால் முக்கால்வாசி மூடினான். பின்னால் கறுப்பாகக் கிளம்பியது. கையை எடுத்தான், நின்றது. மறுபடியும் மூடினான், எடுத்தான். வருஷா வருஷம் கட்டிய துணி, வருகிற தூளையெல்லாம் தானே குடித்துக் கெட்டியாகிக் காற்றையும் மறித்திருக்கிறது. தூள் உள்ளே போகாததால் ஃபில்டர் புதுசாகவே இருந்திருக்கிறது. புதுசாக இருந்த ஃபில்டரைப் பார்த்துத்தான் காற்றில் குறையில்லை என்று அவன் டீசலைத் தேடிக்கொண்டு போயிருக்கிறான். சாமித் துணி என்று தொடாமல் விட்டுவிட்டேன் அண்ணி என்று தலையைச் சொறிந்தான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்தத் துணியை நானும்தான் வருஷா வருஷம் மஞ்சளில் முக்கிக் கொடுத்தேன், அதற்குக் கற்பூரமும் காட்டினேன்.

அன்றைக்கே மைதானத்தில் வண்டி தேறிவிட்டது. சொருகினார்கள், மிதித்தார், காகிதம் வந்தது, அந்த ஆள் இந்த முறை காகிதத்தைப் படித்துவிட்டு அதிகாரியிடம் நீட்டினான். முத்திரை விழுந்தது. திரும்பும்போது என் வீட்டுக்காரர் அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பாலத்தின்மேல் வேண்டுமென்றே வேகம் எடுத்தார். கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாகக் காற்று முகத்தில் அடித்தது.

“இன்னா மாரி மூச்சு வுடுது பாரு,” என்றார் வண்டியைப் பற்றி. சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்து, வண்டியைப் பாலத்தின் ஓரமாக நிறுத்த வேண்டியதாகிவிட்டது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருமினார். நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். மறுநாள் காலையில் தலைக்குக் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். ஒரு வரிசையில் சீட்டு, இன்னொரு வரிசையில் நெஞ்சுக்கு எக்ஸ்ரே படம், அதற்கப்புறம் இன்னொரு வரிசை. எங்களைப் பார்த்தது ஒரு சின்ன வயது டாக்டரம்மா. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மெக்கானிக் ஃபில்டரைத் தூக்கிப் பிடித்த அதே மாதிரி. ஆனால் அந்த முகம் மலரவில்லை. இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகப் பொரி தூவியதுபோல இருந்தது எனக்கே தெரிந்தது. என்ன வேலை, எத்தனை வருஷமாக என்றெல்லாம் கேட்டார். இவர் சொன்னார். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“இத்தனை வருஷமா கரித்தூள்ல வேலை செஞ்சிருக்கீங்க. மூக்குக்கும் வாய்க்கும் ஒரு துணியாவது கட்டியிருந்தீங்களா?”

அவர் யோசித்தார். பொய் சொல்ல யோசிக்கவில்லை. யாரும் இதுவரை கேட்காத கேள்வி அது.

“வண்டிக்குக் கட்னேம்மா,” என்றார்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. கட்டவில்லை என்று எழுதிக்கொண்டார். எனக்கு அந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டு கத்த வேண்டும்போல இருந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஒரு துணி. மஞ்சளில் முக்காத, குங்குமம் வைக்காத, வீட்டில் எத்தனையோ கிடக்கிற ஒரு கிழிந்த துணி. படிந்தது படிந்ததுதான், கழுவி எடுக்க முடியாது, இனிமேல் அந்த வேலைக்குப் போகாமல் இருந்தால் வேகமாக ஏறாது என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இவர் சரி சரி என்று தலையாட்டினார். வெளியே வந்ததும், நல்லவேளை எஞ்சினைப் பிரிக்கவில்லை என்றார்.

கரியை விட்டுவிட்டு மறுபடியும் மீன் ஏற்றினார். அப்புறம் கூடை தூக்க முடியவில்லை, ஓட்ட மட்டும் செய்தார். அப்புறம் ஓட்டவும் முடியவில்லை. வந்த ஆயுத பூஜைக்கு மஞ்சள் கரைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். வாயைத் திறந்து பேசுவதைக் குறைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் துடைக்கும்போது, இங்கே விட்டுவிட்டாய் என்று விரலால் காட்டுவார். அடுத்த மழைக்காலத்துக்கு அவர் இல்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு மாத்தூரிலிருந்து ஒருவர் வண்டியை வாங்க வந்தார். பானெட்டைத் தூக்கினார், ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். எஞ்சினைக் கிளப்பி, பின்னால் போய்க் குனிந்து நின்றார். திரும்பி வந்து, இதை ஓட்டியவர் யார், இவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று கேட்டார். என் வீட்டுக்காரர்தான் என்றேன். வண்டி சந்தை விட்டுத் திரும்புகிறவரை வாசலில் நின்று பார்த்தேன். புகையே இல்லை.